கிற்றாரின் குரலைத் திருத்திய குமிழ்கள்

மனிதன் பேசும்போது சொல் மட்டும் பொருளைத் தருவதில்லை. சொல்லும் தொனியும் சேர்ந்தே பொருளைத் தருகின்றன. ‘வா’ என்னும் ஒரே சொல்லைத் தாய் தன் குழந்தையை நோக்கிக் கூறும்போது ஒரு பொருள். வீரன் தன் பகைவனை நோக்கிக் கூறும்போது மற்றொரு பொருள். இசைக்கருவிகளின் இயல்பும் இதுவே. ஒரே சுரத்தை வீணையும் நாதசுரமும் எழுப்பினாலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன் இது வீணை, இது நாதசுரம் என்று உடனே பிரித்தறிகின்றான். சுரம் ஒன்று, தொனி வேறு. வீணையின் தொனியை, ஆசாரி பலாமரத்தைத் தெரிந்தெடுக்கும் வேளையிலேயே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றான். மரத்தைக் குடைந்து தந்தி பூட்டியபின் அதனை மாற்றுதல் அரிது.

மின்சாரக் கிற்றாரின் நிலை அத்தகையதன்று. அதன் தொனியில் ஒரு பாதி மரத்திலும் தந்தியிலும் இருக்க, மறுபாதி கருவிக்கு வெளியே ஓர் உலோகப் பெட்டியினுள்ளே, விரல்நுனியளவான சில உறுப்புக்களிலே தங்கியிருக்கின்றது. அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பற்றாசு வைத்துப் பொருத்தக் கால்மணி நேரம் போதும். கருவியின் குரல் மாறிவிடும். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகத்து இளைஞர்களின் இசையை மாற்றிய ஒலிகள் பல, வாசித்தவர்களின் விரல்களிலே மட்டுமன்றி, வானொலிப் பெட்டி திருத்துவோரின் மேசைகளிலும் பிறந்தவை. வாசித்தவர்களின் பெயர்களை உலகம் நன்கறியும். மேசையில் இருந்தவர்கள் செய்தது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கிற்றாரின் தொனிக் குமிழ் வானொலிப் பெட்டியின் வழித்தோன்றலே. வால்வுகள் பொருத்திய பெரிய வானொலிப் பெட்டிகள் வீட்டுக் கூடங்களிலே வீற்றிருந்த காலத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அருகே ‘தொனி’ என்னும் குமிழொன்றும் பல பெட்டிகளில் இருந்தமையை முதிய நேயர்கள் மறந்திரார். அதனை ஒருபுறம் திருகினால் இரைச்சலும் கரகரப்பும் அடங்கி, செய்தி வாசிப்பவரின் குரல் தடித்துக் கேட்கும்; மறுபுறம் திருகினால் குரல் தெளிவுறும், இரைச்சலும் உடன் எழும். அக்குமிழின் பின்னால் பெரும்பாலும் இருந்தவை இரண்டே உறுப்புக்கள்: ஒன்று, திருகத் திருகத் தன் அளவு மாறும் மாறுந்தடை, மற்றொன்று, கொள்ளளவி.

கொள்ளளவியின் குணத்தை அறிந்தால் இவ்வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும். அது மின்னலைகளை ஓரவஞ்சனையோடு நடத்தும் உறுப்பு. விரைந்து அதிரும் உச்ச ஒலியலைகளுக்கு அது வழிவிடும். மெல்ல அதிரும் மந்த ஒலியலைகளைத் தடுக்கும். அதன் அளவு சிறிதாயின் மிக உயர்ந்த அலைகள் மாத்திரமே கடக்கும். அளவைப் பெருக்கப் பெருக்கத் தாழ்ந்த அலைகளும் கடக்கத் தொடங்கும். குளத்து நீரை மதகுகள் பலவற்றால் வெவ்வேறு வயல்களுக்குப் பிரித்தனுப்புதல் போல, கொள்ளளவிகளையும் தடைகளையும் இணைத்து ஒலியை மந்தம், மத்திமம், உச்சம் எனப் பிரித்து வேண்டிய அளவில் அனுப்பலாம். தொனிக் கட்டுப்பாடு என்பது இவ்வளவே.

இதற்குத் தேவை ஏன் எழுந்தது? மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒருதன்மையாகக் கேட்பதில்லை. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 ஆம் ஆண்டில் இதனை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலிந்திருக்கும்போது செவி மந்த ஒலிகளைப் பெரிதும் இழந்துவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. ஆகவே பெட்டியை மெல்ல ஒலிக்கவிட்டுக் கேட்பவனுக்கு இசை சப்பென்றிருக்கும். பெட்டியின் ஒலிபெருக்கியும் அறையின் சுவர்களும் தத்தம் குறைகளை வேறு சேர்க்கும். இக்குறைகளை நேராக்குவதற்கு எழுந்ததே தொனிக் குமிழ். ஒலிப்பதிவிலே இருந்ததை இருந்தபடி கேட்கச் செய்தல் அதன் முதல் நோக்கம்.

கிற்றார் இந்த நோக்கத்தோடு வரவில்லை. 1920 களிலும் 1930 களிலும் அமெரிக்க நடன மண்டபங்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிற்றாரின் ஓசை கேட்பதே கடினமாக இருந்தது. அக்குறை நீக்கவே காந்தத்தையும் கம்பிச் சுருளையும் தந்திகளின் கீழே அமைத்து, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றினர். ஜோர்ஜ் போசாம்ப் என்பவரின் முயற்சியால் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் உருவான, ‘பொரிக்கும் சட்டி’ என்று விளையாட்டாக அழைக்கப்பட்ட ஹவாய்க் கிற்றார் அவ்வழியில் வெற்றிகண்ட முதற் கருவி. 1936 இல் கிப்சன் நிறுவனத்தார் தம் மின்சாரக் கிற்றாரை வெளியிட்டனர். 1939 இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்ரியன் என்னும் இளைஞர், கிற்றாரும் எக்காளத்துக்கு நிகராகத் தனித்து நின்று பேசவல்லது என்பதைக் காட்டினார். 1942 இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 25.

அக்காலத்துக் கிற்றார் விரியலாக்கிகள் உண்மையில் அலைவாங்கியில்லாத வானொலிப் பெட்டிகளே. ஒலிக்கு ஒரு குமிழ், தொனிக்கு ஒரு குமிழ். சிலவற்றில் தொனிக் குமிழ்கூட இல்லை. அந்த ஒற்றைக் குமிழும் உச்சத்தைக் குறைக்க வல்லதேயன்றி வேறொன்றும் செய்யாது. இந்த எளிய நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர்.

1909 இல் அனகைம் நகருக்கு அருகே விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த ஃபெண்டர் கணக்கியல் கற்றவர். பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில் வேலையை இழந்த அவர், 1938 இல் 600 டொலரைக் கடனாகப் பெற்று, புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். உள்ளூர் இசைவாணர்கள் பழுதுற்ற விரியலாக்கிகளைக் கொண்டுவந்தனர். அவற்றைத் திருத்தித் திருத்தி எங்கெங்கே அவை பழுதுறுகின்றன என்பதை அவர் கற்றார்; பின்னர் தாமே செய்யத் தொடங்கினார். வியக்கத்தக்கது யாதெனில், கிற்றார் உலகில் இத்துணைப் பெரும்பெயர் பெற்ற இவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆகையால் தாம் செய்த பெட்டிகளை அயலிலுள்ள நாட்டுப்புற இசைக்குழுவினரிடம் கொடுத்து மண்டபங்களில் வாசிக்கச் செய்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு, மறுபடியும் பெட்டியைத் திறந்து மாற்றுவது அவர் வழக்கமாயிற்று. தாமே வாசிப்பவர் தம் செவிக்கு இனியதோடு நின்றிருக்கவுங்கூடும். வாசிக்கத் தெரியாதவர் பிறர் செவிகளை நம்ப வேண்டியவரானார்.

ஃபெண்டரின் மாற்றங்கள் நிகழ்ந்த இடம் முன்விரியலாக்கி. கிற்றாரிலிருந்து வரும் மின்னலை மிக மெலிந்தது. அதனை நேரே ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் எதுவும் கேளாது. முதலிற் சிறிய வால்வுகள் அதனைப் பல மடங்கு பெருக்கும், அப்பகுதியே முன்விரியலாக்கி. அதன்பின் பெரிய வால்வுகள் அதற்கு வலுவூட்டி ஒலிபெருக்கியை இயக்கும். தொனிக் குமிழ்கள் இடம்பெறுவது முன்விரியலாக்கியின் சிறிய வால்வுகளுக்கிடையிலே. அதற்குக் காரணமுண்டு. கொள்ளளவிகளும் தடைகளும் மட்டும் சேர்ந்த தொனி வலை எதனையும் கூட்டாது. குறைக்க மட்டுமே செய்யும். உச்சம் கூடியது போலத் தோன்றுவது, மற்றவை குறைந்தமையால் ஏற்படும் தோற்றமே. கிற்றார் விரியலாக்கிகளில் மத்திம ஒலியின் அழுத்தம் இவ்வலையைக் கடக்கும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுதலும் உண்டு. இழந்ததை ஈடுசெய்ய அடுத்த வால்வு காத்திருத்தல் வேண்டும்.

1952 இல் ஃபெண்டர் நிறுவனம் ‘பாஸ்மன்’ என்னும் விரியலாக்கியை வெளியிட்டது. முந்திய ஆண்டில் அவர் அறிமுகஞ் செய்த மின்சார மந்தரக் கிற்றாருக்குத் துணையாகச் செய்யப்பட்டது அது. ஆயினும் ஆறு தந்திக் கிற்றார்க்காரர்களே அதனை விரும்பி வாங்கினர். அதன் உள்ளமைப்புப் பலமுறை மாறி, 1958 முதல் 1960 வரை வெளிவந்த வடிவில் முழுமை பெற்றது. நான்கு பத்தங்குல ஒலிபெருக்கிகள். உச்சம், மந்தம், மத்திமம் என மூன்று தொனிக் குமிழ்கள். மெலிவு, சமன், வலிவு என மூவகைத் தானங் கண்ட தமிழிசை மரபினருக்கு இம்மூன்றும் அந்நியமானவை அல்ல.

அந்த மூன்று குமிழ்களுக்குப் பின்னாலிருந்த உறுப்புக்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்: மூன்று மாறுந்தடைகள், மூன்று கொள்ளளவிகள், ஒரு நிலையான தடை. உச்சத்துக்குரிய கொள்ளளவி 250 பிக்கோபரட்டு. மந்தத்துக்கும் மத்திமத்துக்கும் உரியவை ஒவ்வொன்றும் 0.02 மைக்குரோபரட்டு. உச்ச அலைகள் தமக்குரிய சிறிய கொள்ளளவியினூடே தனிவழி செல்ல, மற்ற அலைகள் 56 கிலோ ஓம் கொண்ட நிலையான தடையைக் கடந்து செல்ல வேண்டும். உச்சத்துக்கும் ஏனையவற்றுக்கும் இடையிலான பங்கீட்டைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் தடையே. ஆகவே அதனைச் சாய்வுத் தடை என்பர்.

இவ்வலைக்கு வானொலிப் பொறியியலாளர் குறையெனக் கொள்ளும் இரு குணங்கள் உண்டு. குமிழ்கள் மூன்றும் ஒன்றையொன்று தழுவியவை. ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டின் செயலும் சிறிது மாறும். மேலும், மூன்றையும் நடுவில் நிறுத்தினால் ஒலி சமனாகிவிடாது. மந்தமும் உச்சமும் மேலோங்க, இடையில் மத்திமம் பள்ளமாக விழுந்திருக்கும். ஓரளவு சமநிலை வேண்டுமாயின் மந்தத்தையும் உச்சத்தையும் முற்றாகக் குறைத்து மத்திமத்தை முற்றாகக் கூட்ட வேண்டும். வானொலிப் பெட்டியில் இத்தகைய அமைப்பை எவரும் ஏற்றிருக்கமாட்டார்.

இதே காலத்தில் அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் வேறொரு முயற்சி நடைபெற்றது. 1949 இல் இ. ஜே. ஜேம்ஸ் என்பவர் பிரித்தானியாவின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில், உச்சத்தையும் மந்தத்தையும் தனித்தனியே ஆளும் எளிய வலையொன்றை வெளியிட்டார். மோல்வேர்ன் என்னும் ஊரிலுள்ள அரசாங்க ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய பீற்றர் பாக்சண்டால், 1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அதே இதழில் இன்னொன்றை வெளியிட்டார். அவர் தொனி வலையை வால்வின் எதிர்ப் பின்னூட்டற் பாதையிலே அமைத்தார். அதாவது, வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதி தொனி வலை வழியாகத் திரும்பி வந்து அவ்வால்வையே நெறிப்படுத்தும். இதனால் குமிழ்கள் குறைப்பதோடு நில்லாது கூட்டவும் செய்தன. நடுவில் நிறுத்தினால் ஒலி சமனாயிற்று, ஒன்றின் செயல் மற்றொன்றைத் தொடவில்லை, திரிபும் குறைந்தது. இதழிலே யாவரும் காண வெளியிடப்பட்ட அந்த அமைப்பு, பின்வந்த பத்தாண்டுகளில் உலகெங்கும் இசைத்தட்டுக் கருவிகளில் இடம்பெற்றது. மந்தம், உச்சம் என இரு குமிழ்கள் கொண்ட வீட்டு ஒலிக்கருவிகளுள் எண்ணற்றவை பாக்சண்டாலின் வழிவந்தவையே.

இவ்வாறு ஒரே பத்தாண்டில் இரு கொள்கைகள் எதிரெதிரே நின்றன. ஒன்று, உள்ளதை உள்ளபடி தருவது. மற்றொன்று, உள்ளதற்கு நிறம் பூசுவது. இசைத்தட்டைக் கேட்பவனுக்கு முதலாவதே நேர்மையான வழி. ஏனெனில் இசை ஏற்கெனவே முடிந்துவிட்டது, பெட்டி அதனைக் கெடுக்காதிருந்தாற் போதும். கிற்றார் வாசிப்பவனுக்கோ இசை இன்னும் முடியவில்லை. வீணைக்குக் குடம் எத்தகையதோ அவனுக்கு விரியலாக்கி அத்தகையது. அது வாத்தியத்தின் ஓர் உறுப்பு. நிறமற்ற குடத்தை யார் விரும்புவர்? மின்சாரக் கிற்றாரின் மெலிந்த ஒலியில் மந்தத்தையும் உச்சத்தையும் உயர்த்தி, அதற்கு அகலமும் பளபளப்பும் தந்தது ஃபெண்டரின் குறைபாடுள்ள வலை. குறையெனப் பொறியியலார் கருதியதை இசைவாணர் குரலெனக் கொண்டனர்.

இங்கிலாந்திலும் இசைவாணர் கேட்டது இதுவே. கென்ற் மாகாணத்து டார்ட்போர்ட் நகரில் தோமஸ் ஜெனிங்ஸ் என்பவரின் நிறுவனம், கிற்றார் வாசிக்கவும் தெரிந்த டிக் டெனி என்னும் வடிவமைப்பாளரின் துணையோடு ‘வொக்ஸ்’ விரியலாக்கிகளைச் செய்துவந்தது. 30 வாற்று வலுவுடைய அவர்களின் விரியலாக்கியில் முதலில் உச்சத்தைக் குறைக்கும் குமிழ் மாத்திரமே இருந்தது. ‘சடோஸ்’ போன்ற குழுக்களின் கணீரென்ற இசை பரவிய வேளையில் வாசிப்போர் மேலும் உச்சம் வேண்டினர். நிறுவனம் 1960 களின் தொடக்கத்தில், உச்சத்துக்கும் மந்தத்துக்கும் குமிழ்கள் கொண்ட சிறிய தகட்டமைப்பொன்றைச் செய்தது. ஏற்கெனவே விற்கப்பட்ட பெட்டிகளின் பின்புறத்தில் துளையிட்டும் அது பொருத்தப்பட்டது. பின்னர் பெட்டியின் முகப்பிலேயே இடம்பெற்றது. பீற்றில்சு குழுவினர் முதற்கொண்டு எத்தனையோ குழுக்களின் ஒலியிற் கேட்கும் மணியோசை போன்ற உச்சத்துக்கு இவ்வகைப் பெட்டிகளே காரணம். விற்ற பொருளைத் திரும்பப் பெற்று, துளையிட்டு, குமிழ் சேர்த்த திருத்தம் ஒரு தலைமுறையின் ஒலியாயிற்று.

இலண்டனின் மேற்கே ஹான்வெல் என்னும் பகுதியில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. ஜிம் மார்ஷல் என்பவர் முரசு வாசிப்பவர், முரசு கற்பிப்பவர். 1960 இல் அவர் இசைக்கருவிக் கடையொன்றைத் திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்க விரியலாக்கிகளை விரும்பினர். ஆயினும் இறக்குமதிச் செலவால் அவற்றின் விலை மிகுதி. மார்ஷலின் கடையில் திருத்துநராகப் பணிபுரிந்த கென் பிரான், அவர் அழைத்துவந்த டட்லி கிரேவன் என்னும் இளைஞர் ஆகியோர் 1962 இல் ஃபெண்டரின் பாஸ்மன் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு விரியலாக்கியைச் செய்தனர். தொனி வலையின் அமைப்பு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆயின் உறுப்புக்கள் இங்கிலாந்திற் கிடைத்தவை. முதல் வால்வின் இடத்தில் ஏறத்தாழ 40 என்னும் பெருக்கக் காரணி கொண்ட அமெரிக்க வால்வுக்குப் பதிலாக 100 கொண்ட வால்வு வந்தது. பத்தங்குல ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டங்குல ஒலிபெருக்கிகள் நான்கு, பின்புறம் மூடிய பேழையில் அமைந்தன. பிரதி செய்ய முயன்றவர்கள் புதியதொன்றைப் பெற்றெடுத்தனர்.

பின்னர் 1960 களின் பிற்பகுதியில் மார்ஷலின் பட்டறையில் இரு மாற்றங்கள் செய்யப்பட்டன. 56 கிலோ ஓம் சாய்வுத் தடையின் இடத்தில் 33 கிலோ ஓம் தடை வந்தது. 250 பிக்கோபரட்டு உச்சக் கொள்ளளவியின் இடத்தில் 500 பிக்கோபரட்டு வந்தது. காசு கணக்கிற் பார்த்தால் இரண்டும் அற்பம். விளைவோ பெரிது. சாய்வுத் தடை குறைந்தமையால் மத்திம அலைகள் மிகுதியாகப் பாய்ந்து பள்ளம் தூர்ந்தது. கொள்ளளவி பெருகியமையால் உச்சக் குமிழின் ஆட்சி மேல் மத்திமம் வரை இறங்கிவந்தது. மனிதக் குரலின் தெளிவும் எக்காளத்தின் வீச்சும் மத்திமத்திலேயே உள்ளன. ஆகவே முரசுகளின் முழக்கத்துக்கிடையே தடித்து, முன்னே பாய்ந்து வரும் குரலைக் கிற்றார் பெற்றது. கனத்த றொக் இசை என்று பின்னர் பெயர்பெற்றதன் அடிநாதம் இதுவே.

இதே வேளையில் ஃபெண்டர் எதிர்த்திசையிற் சென்றிருந்தார். 1963 இல் வெளிவந்த அவருடைய கருமுகப்பு விரியலாக்கிகளில் சாய்வுத் தடை 100 கிலோ ஓமாக உயர்ந்தது. மந்தக் கொள்ளளவி 0.1 மைக்குரோபரட்டாயிற்று. செக்கனுக்கு ஏறத்தாழ 400 அதிர்வுகள் உள்ள இடத்தில் மத்திமப் பள்ளம் மேலும் ஆழமாயிற்று. ஒலி தெளிந்து, பரந்து, கண்ணாடி போல் மின்னியது. மூன்று குமிழ்கள் கொண்ட அப்பெட்டிகளில் மூன்றையும் முற்றாகக் குறைத்துவிட்டால் ஏறக்குறைய எந்த ஒலியுமே எழாது. தொனி வலை கழிக்கவல்லதேயன்றிக் கூட்டவல்லதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு தேயங்களில் வளர்ந்து வெவ்வேறு மொழி பேசுதல் போல, ஒரே வலையிலிருந்து இரு குரல்கள் பிரிந்தன. பிரித்தது ஒரு தடையும் சில கொள்ளளவிகளும்.

மூன்றாவது திருப்பம் இடத்தைப் பற்றியது. கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரில் விரியலாக்கிகளைத் திருத்திவந்த ராண்டல் சிமித் என்பவர், 1960 களின் இறுதியில் ஃபெண்டரின் ‘பிரின்ஸ்ரன்’ என்னும் சிறிய பெட்டியொன்றினுள் பெரிய விரியலாக்கியின் உள்ளுறுப்புக்களை அமைத்து, பன்னிரண்டங்குல ஒலிபெருக்கியையும் புகுத்தினார். நண்பரொருவரை ஏமாற்றிச் சிரிக்கவே அதனைச் செய்தார். அதனை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா வியந்து புகழ, அவ்வேடிக்கை தொழிலாயிற்று. பின்னர் அவர் முன்விரியலாக்கியில் மேலுமொரு பெருக்கப் படியைச் சேர்த்தார். வேண்டுமென்றே ஒலியைத் திரிபடையச் செய்து, வயலின் போல் நீண்டு நிற்கும் சுரத்தைப் பெறுவது நோக்கம். இங்கேதான் தொனிக் குமிழ்களின் இடம் முதன்மை பெறுகின்றது. திரிபுக்கு முன்னே அவை இருப்பின், எந்த அலைகள் எவ்வளவு திரிபுற வேண்டும் என்பதை அவை முடிவு செய்யும். மந்தம் மிகுந்து உள்ளே சென்றால் ஒலி கூழாகிவிடும். முன்னரே குறைத்து அனுப்பினால் தெளிவு நிலைக்கும். திரிபுக்குப் பின்னே அவை இருப்பின், ஏற்கெனவே உருவான ஒலிக்கு அணி செய்யும். அரிசியிலிருந்து கல்லை நீக்குவதாயின் உலையேற்றுமுன் நீக்க வேண்டும். உப்பின் அளவையோ சோறான பின்னும் திருத்தலாம்.

இத்திருத்தங்களால் வளர்ந்த அறிவு இன்றும் கைவினைஞரிடையே வாழ்கின்றது. முன்விரியலாக்கியின் தொனியை மாற்ற விழைவோர் முதலிற் சாய்வுத் தடையை நோக்குவர். மத்திமம் வேண்டின் அதனைக் குறைப்பர், பள்ளம் வேண்டின் கூட்டுவர். உச்சம் ஊசி போற் குத்தினால் உச்சக் கொள்ளளவியைப் பெருக்கி அதன் ஆட்சியைக் கீழிறக்குவர். மந்தம் குழம்பினால் மந்தக் கொள்ளளவியைச் சிறிதாக்குவர். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு 82 அதிர்வுகளே உடையது. அதற்குக் கீழ்ப்பட்டதைப் பெருக்குதல் வலுவை வீணாக்குவதாகும். ஒரு வேளையில் ஓர் உறுப்பையே மாற்றி, வாசித்துக் கேட்டு, குறித்துக்கொண்ட பின்னரே அடுத்ததைத் தொடுவது தேர்ந்தவர் முறை. வால்வு விரியலாக்கிகளில் 400 வோற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருத்தல் இயல்பு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கொள்ளளவிகளில் உயிருக்கு உலை வைக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை வடித்துவிடாமல் கைவைப்பவனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது உறுதியில்லை.

லியோ ஃபெண்டரின் கதைக்கு இன்னுமோர் அதிகாரம் உண்டு. உடல்நலங் குன்றியிருந்த அவர் 1965 இல் தம் நிறுவனத்தை 13 மில்லியன் டொலருக்கு விற்றார். பின்னர் ‘மியூசிக் மன்’ என்னும் நிறுவனத்தில் இணைந்து மீண்டும் பட்டறைக்குத் திரும்பினார். 1976 இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ரிங்றே’ என்னும் மந்தரக் கிற்றாரின் உடலுக்குள்ளேயே, சிறிய மின்கலத்தால் இயங்கும் திரான்சிற்றர் வகை முன்விரியலாக்கி பொருத்தப்பட்டிருந்தது. அதன் தொனிக் குமிழ்கள் கழிப்பதோடு நில்லாது கூட்டவும் வல்லவை. வானொலித் திருத்துநராகத் தொடங்கியவர், கழிக்கும் வலையிற் புகழெய்தி, முதுமையிலே கூட்டும் வலையையும் ஏற்றுக்கொண்டார். 1991 இல் அவர் மறையும் வரையில் பட்டறையை விட்டாரில்லை.

அவருடைய பழைய வலையோ ஓய்வு பெறவில்லை. 2006 ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், பாஸ்மன் விரியலாக்கியின் அம்மூன்று குமிழ்களின் நடத்தையைக் கணிதச் சமன்பாடுகளாக வடித்து, கணினியிலே அதனை நிகழ்த்துவதற்கான முறையை மொன்றியல் நகரில் நடந்த மாநாட்டில் வெளியிட்டனர். ஒன்றையொன்று தழுவும் குமிழ்களின் இயல்பே அவர்களுக்குச் சவாலாக அமைந்தது. ஒரு காலத்தில் குறையென எண்ணப்பட்ட அத்தழுவலைத் துளியும் விடாது மீட்டெடுக்க உயர்கணிதம் தேவைப்பட்டது. இன்று வால்வைக் கண்ணாற் காணாத இளைஞனும், கைக்கணினியின் திரையில் வரைந்த குமிழைத் தொட்டுத் திருகும்போது, புல்லர்ட்டன் பட்டறையிற் பொருத்திய அந்த ஏழு உறுப்புக்களின் வழக்கங்களையே திருகுகின்றான்.

மூன்று குமிழ்களின் இவ்வரலாற்றிலிருந்து தேறும் உண்மை ஒன்று. பாக்சண்டால் கணக்கிட்டுக் கண்டார்; அவருடைய அமைப்பு கேட்போருக்கு உண்மையைத் தந்தது. ஃபெண்டரும் மார்ஷலின் திருத்துநரும் வாசிப்போர் சொல்லக் கேட்டு மாற்றினர். அவர்களுடைய அமைப்பு வாசிப்போருக்குக் குரலைத் தந்தது. இவ்விரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஒரு கருவி யாருக்காக, எதற்காகச் செய்யப்படுகின்றது என்பதை அறிந்த பின்னரே அதன் நிறையும் குறையும் தீர்மானிக்கப்படும். அதனை அறிவதற்கு அளக்கும் கருவியோடு, எதிரே இருப்பவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் செவியும் வேண்டும். கிற்றார் வாசிக்கத் தெரியாத ஒருவர் அதன் குரலை வகுக்க முடிந்தது அச்செவியினாலேயே.